ஒளிக்கதிரும் உரோமமும்



வேண்டாத உரோமத்தை அகற்றும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. மஞ்சள் பூசியும், நூலால் பிடுங்கியும் பெண்டிர் அதனைச் செய்து வந்தனர். இன்று அவ்வேலைக்கு லேசர் ஒளிக்கதிர் வந்திருக்கிறது. என் ஊராகிய சின்னமனூரிலும் கல்லூரி மாணவியர் இதனைப்பற்றிப் பேசக் கேட்கிறேன். ஆதலின், இதனை நாடுமுன் அறிய வேண்டியவற்றைக் கூற விழைகிறேன்.

முதற்கண் ஒரு பழைய செய்தி. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே வியன்னா மருத்துவர் பிராய்ண்ட், ஒரு சிறுமியின் முதுகிலிருந்த உரோமத்தை அக்கதிரால் உதிர்த்தார். 1920களில் அமெரிக்க அழகு நிலையங்கள் பல இம்முறையைக் கையாண்டன. நோவில்லை, தழும்பில்லை என்று நம்பிச் சென்ற பெண்கள் பலர், ஆண்டுகள் சென்றபின் தோற்புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் ஆளாயினர். லேசர் அத்தகைய கதிரன்று, அது ஒளியே. எனினும், ஆராயாது உடலை ஒப்படைத்தல் தகாது என்னும் பாடம் என்றும் பொருந்தும்.

1960இல் மைமன் என்பார் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் இருவர், தக்க நிறமும் கால அளவும் கொண்ட ஒளித்துடிப்பு தோலின் ஒரு பகுதியை மட்டும் தாக்குமாறு செய்யலாம் என்று விளக்கினர். முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி ஒளியை உண்டு வெப்பமாக்குகிறது. அவ்வெப்பத்தால் மயிர்க்கால் நலிகிறது.

இங்கேதான் நமக்குரிய இடர் இருக்கிறது. அந்நிறமி நம் தோலிலும் மிகுதியாக உண்டு. கதிருக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. கருமையை மட்டுமே அது அறியும். பொருந்தாத கருவியாலும் மிகுந்த ஆற்றலாலும் தோல் வெந்து, கரும்புள்ளியோ வெண்புள்ளியோ தோன்றலாம். ஆழ ஊடுருவும் 1064 நானோமீட்டர் அலைநீளக் கதிர் கருந்தோலுக்கு ஏனையவற்றினும் பாதுகாப்பானது. ஆகவே, கருவி எது, இயக்குபவர் யார் எனக் கேட்டறிதல் வேண்டும். சிறு இடத்தில் சோதித்து, ஓரிரு நாட்களாவது பொறுத்துப் பார்த்தலும் வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் வெயிலில் உழைப்போர், தோல் கறுத்திருக்கும் காலத்தில் இதனைத் தவிர்த்தல் நன்று. சில வாரங்களுக்கு முன்னரே முடியைப் பிடுங்குவதை நிறுத்துக. வேரிலுள்ள நிறமியே கதிரின் இலக்கு. மழித்தல் தீங்கன்று. உண்ணும் மருந்துகளையும், கருவுற்றிருந்தால் அதனையும் மருத்துவரிடம் மறையாது கூறுக. சிகிச்சையின்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது.

மரப்புக் களிம்பையும் எளிதாக எண்ணற்க. அமெரிக்காவில் அக்களிம்பைக் கால்களில் பரக்கப் பூசிச் சுற்றிக் கட்டிக்கொண்ட இளம்பெண்கள் இருவர், அம்மருந்து உடலில் ஏறி மாண்டனர். 2007இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதனைச் சுட்டி எச்சரித்தது.

முடி முற்றிலும் மறையும் என்னும் விளம்பரத்தையும் நம்பற்க. வளர்பருவத்து முடியே கதிருக்கு வசப்படும். ஆதலின் பல அமர்வுகள் தேவை. குறையுமேயன்றி அறவே ஒழியாது. நரைமுடிக்கு இம்முறை பயன்படாது.

முகத்தில் திடீரென உரோமம் மிகுந்து மாதவிலக்கும் பிறழ்ந்தால், அது சினைப்பை நீர்க்கட்டி முதலியவற்றின் அறிகுறியாகலாம். அப்போது நாட வேண்டியது அழகு நிலையத்தையன்று, மருத்துவரையே. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே உள்ளது.

உரோமம் உடலின் இயற்கை, இழிவன்று. பிறர் நகையாடுவதற்கு நாணி விரையாதீர்கள். வேண்டுமென்று நீங்களே தேர்ந்தால், கேட்டுத் தெளிந்து செய்யுங்கள்.