மாதத் தவணையை அல்ல, விலையைப் பேசுங்கள்

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ கார் கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மாசம் எவ்வளவு கட்ட முடியும், அண்ணே?" ஐநூறு வெள்ளி என்று சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துபோகிறது. விலை, வட்டி, ஆண்டுக் கணக்கு எல்லாமே அந்த ஐநூறுக்குள் அடங்கும்படி அமைக்கப்படும். எத்தனை ஆண்டு கட்டுகிறோம், மொத்தம் எவ்வளவு போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

கெடாவில் கார் ஆடம்பரம் அல்ல. பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் பேருந்தை நம்பி இரவு ஷிப்டுக்குப் போக முடியாது. கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறக்கப்பட்டபின், பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு வாழ்க்கையின் முதல் பெரிய கடன் வீடு அல்ல, காடிதான். அதனால்தான் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

50,000 வெள்ளி விலையுள்ள ஒரு வண்டி. சட்டப்படி குறைந்தது 10 விழுக்காடு முன்பணம், அதாவது 5,000. மீதி 45,000க்கு நிலையான வட்டி 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டு என்றால் மாதம் 529 வெள்ளி. வட்டி மட்டும் 12,150. ஐந்து ஆண்டு என்றால் மாதம் 862 வெள்ளி 50 காசு, வட்டி 6,750. தவணை குறைந்ததற்காக நாம் கூடுதலாகக் கொடுப்பது 5,400 வெள்ளி. குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளி வாங்குபவருக்கு 862 கட்டுப்படியாகாது என்பது உண்மை. அப்படியானால் ஆண்டை நீட்டுவதற்கு முன்னால் விலை குறைந்த வண்டியைப் பார்ப்பதே சரி.

நிலையான வட்டி என்றால், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் கடன் தொகைக்கே கணக்கிடப்படும். மேலே சொன்ன ஒன்பது ஆண்டுக் கடனில் 3 விழுக்காடு என்பது, குறையும் கடனுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 5.5 விழுக்காடு. வீட்டுக் கடன் வட்டியோடு ஒப்பிட்டு "கார் கடன் மலிவு" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். முன்கூட்டியே கடனை அடைக்கும்போது இன்னொரு அடி விழலாம். '78 விதி'ப்படி கணக்கிடப்படும் கடனில் வட்டியின் பெரும் பங்கு முதல் ஆண்டுகளிலேயே போய்விடும். இதே கடனை மூன்று ஆண்டு கழித்து அடைக்கப் போனால், மொத்த வட்டியில் பாதிக்கும் மேலே, சுமார் 6,725 வெள்ளி, ஏற்கனவே போயிருக்கும். 19,050 வெள்ளி கட்டிய பிறகும் இன்னும் ஏறத்தாழ 32,675 கட்ட வேண்டும். கையெழுத்திடும் முன்பே, வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று வங்கியிடம் கேளுங்கள்.

பேரம் பேச வேண்டியவை விலை, வட்டி, ஆண்டு ஆகிய மூன்றும்தான்; ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேச வேண்டும். முதலில் எல்லாச் செலவும் சேர்ந்த 'ஆன் தி ரோட்' விலையை எழுத்தில் வாங்குங்கள். ஆண்டு இறுதியில், அந்த ஆண்டுத் தயாரிப்பு கடையில் தேங்கி நிற்கும்போது கழிவு கேட்பது எளிது. டின்டட், சீட் கவர் இலவசம் என்றால், அது வேண்டாம், அந்தப் பணத்தை விலையில் கழியுங்கள் என்று சொல்லுங்கள். கடைக்காரர் காட்டும் வங்கியோடு நின்றுவிடாமல் நீங்களே இரண்டு வங்கிகளில் வட்டி விசாரியுங்கள். கால் விழுக்காடு குறைந்தால்கூட நம் உதாரணத்தில் ஒன்பது ஆண்டுக்கு 1,000 வெள்ளிக்கு மேல் மிச்சம். காப்புறுதியில் வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாலிசியில் அது இருக்காது. 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் கூப்பாங்கில் வந்த வெள்ளத்தைப் பார்த்த மாநிலம் இது. பழைய காடி வாங்குபவர்கள் கம்பளத்தைத் தூக்கிச் சேறும் துருவும் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதனால்தான்.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, விலை, முன்பணம், வட்டி, மொத்தத் தொகை ஆகியவற்றைக் காட்டும் எழுத்து அறிக்கையை ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து போடவே கூடாது. கேரண்டராக நிற்கும் மச்சானும் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்; தவணை நின்றால் வங்கி அடுத்து அவரிடம்தான் வரும்.

'சம்போங் பாயார்' என்று சொல்லி வண்டியை இன்னொருவர் கையில் கொடுப்பது நம் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. கடைசித் தவணை வரை வண்டி வங்கிக்குச் சொந்தம். அதன் அனுமதி இல்லாமல் கைமாற்றுவது குற்றம். வாங்கியவர் கட்டாமல் போனால் கடனும் சம்மனும் உங்கள் பெயரிலேயே வரும்.

தவணை தவறிப்போனால் பயந்து போனை அணைத்துவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு தவணை தவறி, 21 நாள் எழுத்து அறிவிப்பும் கொடுத்த பிறகே வங்கி காடியை இழுக்கலாம். ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இழுக்க வருபவரிடம் அனுமதி அட்டையைக் கேளுங்கள். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் நான்கு தவணை தொடர்ந்து தவறும்வரை வங்கி வண்டியைத் தொட முடியாது. கட்ட முடியாத நிலை வருமுன் வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் 2006 முதல் இதற்காக இயங்குகிறது, அதன் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.