மாடி வீட்டுப் பையனைப் பார்!

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் மாலை விளக்கு வைத்ததும் தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "மாடி வீட்டுப் பையனைப் பாருடா! எவ்வளவு சமர்த்தா உட்கார்ந்து படிக்கிறான்!" என்பதே அது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். பிள்ளையாவது நம்மைவிட நல்ல நிலைக்கு வர வேண்டுமே என்ற கவலை நமக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் இந்தப் பேச்சு பிள்ளைக்குப் படிப்பையும் தருவதில்லை, சமர்த்தையும் தருவதில்லை. மாடி வீட்டுப் பையன் மேல் ஒரு கசப்பை மட்டும் தந்துவிட்டுப் போகிறது.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1895-ம் ஆண்டு பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. பத்து வயதில் தாயை இழந்தார். 1909-ல் குடும்பம் சென்னை அடையாறுக்குக் குடிபெயர்ந்தது. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். எப்போதும் ஏதோ யோசனையில் இருக்கும் பிள்ளை; பாடம் ஏறவில்லை; பிரம்படி படாத நாள் அரிது. தம்பி நித்யானந்தாவோ வெகு சூட்டிகை. அண்ணன் மந்தம், தம்பி கெட்டிக்காரன் என்று ஊரார் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்த 'மந்தம்'தான் பின்னாளில் உலகின் பல நாடுகளில் மக்கள் கூடிக் கேட்ட பேச்சாளரானார். குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடுவதும், பயமுறுத்திப் பணிய வைப்பதும் கல்வியாகாது என்பதை 1986-ல் காலமாகும் வரை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மதனப்பள்ளிக்கு அருகே அவர் பெயரோடு இணைந்த ரிஷி வேலி பள்ளி இருக்கிறது. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்க வைக்கும் இடம், நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதன் கிராமக் கல்வி மையம் சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகளுக்காகச் சின்னஞ்சிறு பள்ளிகளையும் அமைத்தது. ஒரே ஆசிரியர், ஒரே கூடம், பல வகுப்புப் பிள்ளைகள். பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, விலங்கு, பறவை என்று அடையாளப் படம் போட்டார்கள். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்ட ஒரு 'ஏணி' வரைந்தார்கள். தான் நிற்கும் படியைப் பிள்ளையே பார்த்து அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். வீட்டு வேலைக்காகப் பத்து நாள் வராமல் போனாலும், விட்ட படியிலேயே மறுபடி தொடங்கலாம். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். முதல் ராங்க், கடைசி ராங்க் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இம்முறையை 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. 2007-ல் அது 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. சித்தூர்ச் சீமையில் விளைந்தது நம் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது இங்கே இருக்கும் நம்மில் பலருக்குத் தெரியாது.

வீட்டிலும் அந்த ஏணியை வைத்துக்கொள்ளலாம். அட்டை வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம். "போன வாரம் செருப்பை நடு வாசல்லே விட்டுட்டுப் போனே. இன்னிக்கு ஓரமா வச்சிருக்கியே!" என்றால் போதும். ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும் என்றால் நேற்றிருந்த அதே பிள்ளையோடு ஒப்பிடுவோம்.

நல்ல பழக்கம் என்றதும் நாம் செய்வது அதட்டல். செய்துகாட்டுவது அபூர்வம். இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரில் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறந்தார். ஒருநாள் மூக்கைச் சத்தமின்றிச் சுத்தமாகச் சிந்துவது எப்படி என்று கைக்குட்டையை வைத்துக்கொண்டு அவர் நிதானமாகச் செய்துகாட்டினாராம். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்களாம்! காரணம் எளிது. மூக்கொழுகி என்று பரிகாசம் செய்தவர்கள் பலர். எப்படிச் சிந்துவது என்று சொல்லிக் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது கூடுதல் செய்தி.

மனத்தின் சங்கதியும் இப்படித்தான். "அழாதே", "கோபப்படாதே" என்கிறோம். உள்ளே புகைவது கோபமா, பயமா, பொறாமையா என்று பிள்ளைக்கு யார் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்? தம்பி பிறந்த வீட்டில் ஐந்து வயதுப் பெண் திடீரென்று படுக்கையை நனைக்கிறாள், தொட்டிலை உதைக்கிறாள். அவளைத் திட்டிப் பயனில்லை. "அம்மா தம்பியையே தூக்கி வச்சிருக்கேன்னு உனக்குப் பொறாமையா இருக்காடி கண்ணு?" என்று கேட்டு மடியில் இழுத்துக்கொண்டால், அந்தப் புகைச்சலுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. பெயர் தெரிந்துவிட்டால் அடுத்த முறை உதைப்பதற்குப் பதில் சொல்லிக்காட்ட வழி உண்டு.

இங்கே நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் தெலுங்கு. கோபமும் பயமும் இரண்டுக்கும் பொது, பிழைத்தோம். ஆனால் நமக்கு அடம், அவர்களுக்கு மாராம். நமக்கு வெட்கம், அவர்களுக்கு சிக்கு. பிரியமானவரிடம் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்குத் தெலுங்கில் 'அலக' என்று அழகான ஒரு சொல் உண்டு. பள்ளியில் நடந்ததைப் பிள்ளை விம்மிக்கொண்டே தெலுங்கில் சொன்னால், "தமிழ்லே சொல்லு" என்று அப்போது திருத்த வேண்டாம். தமிழ்ப் பாடம் சாப்பாடு முடிந்த பிறகு நடக்கட்டும். எந்த மொழியில் வருகிறதோ, முதலில் வரட்டும்.

உண்மை பேசும் பழக்கத்துக்கு வருவோம். ஆத்திசூடியை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், நல்லதுதான். ரேணிகுண்டாவில் ரெயில் ஏறும்போது, ஐந்து வயதுக்குள் இருந்தால் டிக்கெட் இல்லை என்பதற்காக ஆறு வயதுப் பிள்ளையிடம், "யாராவது கேட்டா நாலு வயசுன்னு சொல்லு" என்கிறோமே! மிச்சமான காசு எவ்வளவு என்று நமக்குத் தெரியும். பிள்ளை அன்று படித்த பாடம் எது என்றும் தெரியும்.

அலிபிரியில் படி ஏறும்போதும் பார்க்கலாம். "இன்னும் எத்தனை படிப்பா?" என்று பிள்ளை கேட்கும். "இதோ வந்துடுச்சு" என்று காலடி வைத்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறோம். நாலாவது தடவை பிள்ளை நம்புவதில்லை. மொத்தம் 3,550 படி, இன்னும் நிறைய இருக்கிறது, காலி கோபுரம் வந்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம், அதுவரை நீயே எண்ணிக்கொண்டு வா என்று சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை நடுவில் தப்பினாலும் பாதகமில்லை.