இரண்டு நாள் லீவு, மூன்று வார ரத்தம்

1968 மெக்சிகோ ஒலிம்பிக். 10,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆக்சிஜன் கொடுத்துத்தான் தெளியவைத்தார்கள். தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமுவுக்கே 29 நிமிடம் 27 விநாடி ஆனது. 1965இல் ஓஸ்லோவில் கிளார்க் படைத்த சாதனையைவிட இது 1 நிமிடம் 48 விநாடி அதிகம். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான்.

பிள்ளைகளுக்குத் தாவரவியல் பூங்கா, பெரியவர்களுக்கு மலை ரயில், தனக்கு மட்டும் ஞாயிறு காலையில் ஒரு பந்தயம் என்று திட்டம் போட்டு மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பழகுகிறவர்களுக்கு நீலகிரியைப் போல ஈர்க்கும் இடம் தமிழ்நாட்டில் வேறில்லை. சென்னைக் கடற்கரையில் பழகிய நுரையீரலுக்கு இங்கே என்ன நடக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

மலைக்காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். ஊட்டியில் அது கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது அந்த அழுத்தம் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் வரவு குறைகிறது. சமவெளிக்காரர் உச்ச வேகத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போதே மூச்சு வாங்குவது இதனால்தான்.

உடம்பு சும்மா இருப்பதில்லை. சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. ‘இன்னும் சிவப்பணுக்கள் வேண்டும்’ என்று எலும்பு மஜ்ஜைக்குப் போகும் உத்தரவு அது. ஆனால் அந்த அணுக்கள் உருவாகி, முதிர்ந்து, ரத்தத்தில் கணிசமாகச் சேர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். முதல் இரண்டு நாளில் நடப்பதெல்லாம் மூச்சு வேகமாவது, நாடித்துடிப்பு கூடுவது, சிறுநீர் அதிகம் போவது. சிலருக்கு முதல் இரவு தூக்கமும் சரியாக வராது. ஆக, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர் மலையின் சிரமத்தை முழுதாகச் சுமக்கிறார். அதன் பலன் கைக்கு வருமுன் ஊர் திரும்பிவிடுகிறார்.

பலனை முழுதாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. தடை தாண்டும் ஓட்ட வீராங்கனை லலிதா பாபர் ஊட்டி முகாமில் பயிற்சி எடுத்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தார். 1984இல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் தடகளத் தனிநபர் ஓட்டத்தில் இறுதிக்கு வந்த முதல் இந்தியப் பெண் அவர்.

சைக்கிளில் கணக்கு வேறு மாதிரி. ஊட்டிக் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எதிர்ப்பும் அந்த அளவுக்குக் குறையும். மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து ஏறுகிறவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. லாபமெல்லாம் இறக்கத்தில். ஆபத்தும் அங்கேதான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம்வரை சுமார் 1,900 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதில் காற்று வாங்கிக்கொண்டது போக மீதி பெரும்பாலும் பிரேக்கில்தான் இறங்குகிறது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி, பிறகு விட்டு, ஆறவிட்டு இறங்க வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது நீச்சலுக்குத்தான். மலையின் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்கினால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. தானாகவே வாய் திறந்து இழுக்கும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல நீச்சல்காரரும் இதற்கு விலக்கல்ல. முகத்தையும் கழுத்தையும் முதலில் நனைத்து, இடுப்பளவு நீரில் நின்று, மூச்சு நிதானப்பட்டபின் நீந்தத் தொடங்குங்கள்.

நேரத்தில் சாதிக்க வேண்டும் என்றால் மூன்று வாரம் முன்னதாக வந்து தங்குங்கள். அது முடியாதவர்கள் சமவெளி வேகத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து ஓடாமல், நாடித்துடிப்பைப் பார்த்து ஓடுங்கள். இரண்டு வார்த்தை பேச முடிகிற மூச்சு இருக்கட்டும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நின்று, உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கூட வந்த வீட்டாரிடமும் இதை முதல்நாள் இரவே சொல்லிவையுங்கள்.