இந்த நோட்டு யாருடையது?

ஆன்லைனில் நிதிக் கணக்கியல் படிக்கச் சேருகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியத்தில் தடுக்கி விழுகிறார்கள்: கைக்குப் பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று, அதாவது டெபிட். அன்று காலையில்தான் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கும், சம்பளம் ‘கிரெடிட்’ ஆகிவிட்டது என்று. கிரெடிட் என்றால் வரவு. அப்படியிருக்க, வந்த பணத்தை இந்த வாத்தியார் டெபிட் என்கிறாரே? வீடியோவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாலும் அவர் அதையேதான் சொல்கிறார். விதி அப்படி, மனப்பாடம் செய்துகொள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே போகிறவர், மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்.

இந்த முடிச்சை அவிழ்க்க மட்டாஞ்சேரியைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய பஜார் ரோட்டில் இன்றும் மலஞ்சரக்கு வியாபாரம் நடக்கிறது. மிளகு, சுக்கு, ஏலம், ஜாதிக்காய். பாண்டிகசாலை என்று மலையாளத்தில் சொல்லும் பழைய பண்டகசாலைகள் பின்பக்கம் காயலைப் பார்த்தபடி நிற்கின்றன. குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் என்று பல மொழிக்காரர்கள் கணக்கு எழுதிய தெருக்கள் இவை. அந்தந்த மொழியில் எழுதினாலும் தெருவுக்குப் பொதுவாக ஒரு சொல் உண்டு. கேரளத்துப் பலசரக்குக் கடையில் கடனுக்கு வாங்கியதை எழுதி வைக்கும் சிறு நோட்டுக்குப் பெயர் ‘பற்று புஸ்தகம்’. நம் ஊரில் ‘பற்று எழுதிக்கோங்க’ என்று சொல்வதும் அதே பற்றுதான்.

அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். அவர் அரிசி வாங்கிப் போனால் அவர் பேரில் பற்று; காசு கொடுத்தால் வரவு. பெற்றவர் பற்று, தந்தவர் வரவு. கடைக்காரரின் நோட்டில், எதிரே நிற்கும் ஆளின் பக்கத்தில் இது எழுதப்படுகிறது என்பதுதான் சூட்சுமம்.

இப்போது குறுஞ்செய்திக்கு வருவோம். அது உங்கள் நோட்டிலிருந்து வந்ததல்ல. வங்கியின் நோட்டிலிருந்து வந்தது. அங்கே உங்கள் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. 30,000 ரூபாய் உங்கள் சார்பில் வங்கியிடம் வந்து சேர்ந்தது. தந்தவர் நீங்கள், ஆகவே உங்களுக்கு வரவு. அதே 30,000-ஐ நீங்கள் உங்கள் நோட்டில் எழுதினால், பெற்றுக்கொண்டது வங்கி; ஆகவே வங்கிக்குப் பற்று. இரண்டும் சரி. நோட்டு யாருடையது என்று கேட்காததால் வந்த குழப்பம்.

அப்படியானால் ரொக்கப் பெட்டி? இரட்டைப் பதிவு முறை செய்த ஒரே தந்திரம், மனிதர்களுக்கு மட்டும் கொடுத்துவந்த பக்கத்தைப் பெட்டிக்கும், சரக்குக்கும், கடை வாடகைக்கும் கொடுத்ததுதான். பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்தால் அதைப் பெற்றது பெட்டி. பெற்றவர் பற்று. ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு இதை மனத்தில் ஏற்றுவது கடினம். டெபிட் என்றாலே குறைவு, கிரெடிட் என்றாலே பாராட்டு என்று காது பழகிவிட்டது. பற்று என்ற சொல்லில் பற்றிக்கொள்வது, பெற்றுக்கொள்வது தெளிவாக இருக்கிறது. வரவு மட்டும் கொஞ்சம் சறுக்கும். ‘வரவு செலவு’ என்கிற வரவும் இந்த வரவும் வேறு. இது ‘அவரிடமிருந்து வந்தது’ என்கிற வரவு.

இந்த இரட்டைப் பதிவு முறையை முதலில் அச்சில் விளக்கிய நூல் 1494-ல் வெனிஸில் வந்தது. எழுதியவர் லூக்கா பாச்சோலி என்ற துறவி, கணித ஆசிரியர். முறையைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே எழுதி வந்ததையே அவர் பாடமாக்கினார். பெனெதெத்தோ கொத்ருல்யி என்ற வணிகர் 1458-லேயே இதைப் பற்றி எழுதியிருந்தும் அது அச்சேற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. பாச்சோலி இளவயதில் வெனிஸில் ஒரு வணிகரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவர். அறிஞர்களின் லத்தீனில் அல்லாமல் கடைவீதிக்காரர்களின் பேச்சு மொழியில் அவர் எழுதினார். கணக்குப் புத்தகம் தொடங்கும்போது முதலில் கையிருப்பைப் பட்டியலிடு என்கிறார். அந்த மாதிரிப் பட்டியலில் என்ன இருக்கிறது தெரியுமா? இத்தனை பெட்டி இஞ்சி, இத்தனை மூட்டை மிளகு. மலபார்க் கரையிலிருந்து செங்கடல், அலெக்சாண்டிரியா வழியாக வெனிஸுக்குப் போன மிளகின் மேலும் அந்த ஊர்ச் செல்வத்தின் ஒரு பங்கு நின்றது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். போர்ச்சுகீசியக் கப்பல்கள் கொச்சிக்கு வந்தது 1500-ல். அதற்கு முன்பே இந்தக் கரையின் சரக்கு கணக்கியலின் முதல் பாடநூலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று: ஏட்டின் தொடக்கத்தில் சிலுவைக் குறி இடச் சொல்கிறார் பாச்சோலி. நாம் பிள்ளையார் சுழி போடுகிறோம். குஜராத்திகள் தீபாவளியன்று புதுக் கணக்குப் புத்தகத்துக்குச் சோப்டா பூஜை செய்கிறார்கள்.

சரி, வகுப்புக்குள் நுழைவோம். உலக அளவில் அதிகம் பேசப்படும் ஒரு பாடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி கோர்செரா தளத்தில் நடத்தும் நிதிக் கணக்கியல் அறிமுகம். ஆசிரியர் பிரையன் புஷி. 2013-லிருந்து ஆன்லைனில் இருக்கிறது. நாம் கேட்க நினைக்கும் அசட்டுக் கேள்விகளையெல்லாம் கேட்கும் கற்பனை மாணவர்களைத் திரையில் உலவ விட்டிருக்கிறார். ஆளில்லாத வகுப்பில் அது பெரிய துணை. உலோகம் தேடும் கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு கற்பனைக் கம்பெனியைத் தொடங்கி, அதன் நடவடிக்கைகளை ஒவ்வொன்றாகப் பதிந்து, இருப்புநிலைக் குறிப்பு, லாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்ட அறிக்கை வரை கொண்டு போகிறார். அந்தக் கம்பெனியின் இடத்தில் ஒரு மிளகு மண்டியை வைத்தால் நமக்கு இன்னும் சீக்கிரம் பிடிபடும். வைத்துப் பார்ப்போம்.

கற்பனை மண்டிதான். மார்ச் நடுவில் 6,00,000 ரூபாய்க்கு மிளகு வாங்குகிறது. ஏப்ரல் 10-க்குள் பணம் கொடுக்க வேண்டும். மார்ச் 28-ல் அத்தனையையும் 6,80,000-க்கு விற்கிறது. வாங்கியவர் மே கடைசியில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. மார்ச் 31 அன்று லாபம் எவ்வளவு?

பெட்டியைப் பார்த்துப் பதில் சொன்னால், ஒன்றுமில்லை. கணக்கியல் சொல்லும் பதில் 80,000. வாங்கியவர் கணக்கில் பற்று 6,80,000, விற்பனையில் வரவு 6,80,000. விற்ற சரக்கின் அடக்கம் பற்று 6,00,000, சரக்கிருப்பு வரவு 6,00,000. சரக்கைக் கொடுத்துவிட்டோம், பணம் கேட்கும் உரிமை வந்துவிட்டது, ஆகவே வருமானம் இந்த ஆண்டினுடையது. இதற்குப் பெயர் அக்ரூவல். தமிழ்ப் பாடநூல்கள் ‘நிகழ்வு அடிப்படை’ என்கின்றன. கம்பெனியாகப் பதிந்திருந்தால் வேறு வழியே இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 128-வது பிரிவு இந்த அடிப்படையையும் இரட்டைப் பதிவு முறையையும் கட்டாயமாக்குகிறது.

ஏட்டில் 80,000 லாபம். ஏப்ரல் 10-ல் 6,00,000 கொடுக்க வேண்டும். காய்ந்த மிளகுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, வாங்கிய பில்லில் உள்ள வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை ஏப்ரல் 20-க்குள் கட்ட வேண்டும், விற்ற பணம் வந்ததா இல்லையா என்று அந்த வரி கேட்பதில்லை. பணமோ மே கடைசியில். நடுவில் இருக்கும் ஏழு வாரத்தில் மண்டி மூடிப் போகலாம், லாபத்தோடு. ரொக்க ஓட்ட அறிக்கை எதற்கு என்று பாடம் சுற்றி வளைத்துச் சொல்வது இதைத்தான். என் கருத்தில் முழுப் பாடத்திலும் இதற்கு இணையான பகுதி வேறில்லை. விகிதங்களைப் பற்றிய கடைசிப் பாடத்தை அரைகுறையாகப் பார்த்தாலும் குற்றமில்லை. இதை மட்டும் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் தாண்டாதீர்கள்.

அமெரிக்கப் பாடத்தை இங்கே உட்கார்ந்து படிப்பதில் வேறு சில பள்ளங்கள் இருக்கின்றன. மேலே எழுதியதுபோல ஒவ்வொரு விற்பனைக்கும் அடக்க விலையை அப்போதைக்கப்போதே பதிவது அவர்கள் பாடத்தின் வழக்கம். நம் பிளஸ் ஒன் மாணவர் ஆண்டு முடிவில் தொடக்கச் சரக்கு, கொள்முதல், இறுதிச் சரக்கு என்று வியாபாரக் கணக்கில் போட்டுத்தான் அடக்கத்தைக் கண்டுபிடிப்பார். விடை ஒன்றுதான், பாதை வேறு. ‘ஸ்டாக்’ என்றால் நமக்குச் சரக்கு, அவர்களுக்குப் பங்கு. நம் பள்ளியில் ஆள்சார், சொத்து, பெயரளவு என மூன்று வகைக் கணக்கு, மூன்று பொன்விதி. அவர்களுக்கு அதெல்லாம் கிடையாது. சொத்து என்பது பொறுப்பும் முதலும் சேர்ந்தது என்ற ஒரே சமன்பாட்டிலிருந்து எல்லாவற்றையும் வருவிக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வைத்துக்கொண்டு அல்லாடாமல், பாடம் முடியும்வரை சமன்பாட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது.

நிஜமாகவே சட்டம் மாறும் இடம் ஒன்று உண்டு. மண்டி 10 குவிண்டால் மிளகைக் குவிண்டால் 50,000-க்கும், பிறகு இன்னொரு 10 குவிண்டாலை 60,000-க்கும் வாங்கி, 10 குவிண்டாலை 65,000 வீதம் விற்கிறது என்று வையுங்கள். எந்த மிளகு போயிற்று? பழைய சரக்கு முதலில் போனதாக எழுதினால் லாபம் 1,50,000. சராசரி விலை வைத்தால் 1,00,000. கடைசியாக வாங்கியது முதலில் போனதாக எழுதினால் 50,000. அதே கிடங்கு, அதே மிளகு, மூன்று லாபம். மூன்றாவது வழியான லைஃபோ அமெரிக்காவில் செல்லும். விலை ஏறும் காலத்தில் வரியைக் குறைத்துக் காட்ட வசதி. இந்தியக் கணக்கியல் தரநிலை அதை ஏற்பதில்லை. சர்வதேசத் தரநிலையும் 2003 திருத்தத்தில் கைவிட்டது. வீடியோவில் பார்த்ததை அப்படியே மண்டியில் செய்தால் ஆடிட்டர் முகம் சுளிப்பார்.

அந்தச் சிக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு உள்நாட்டுப் பாடங்கள் இருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல்லில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் வரத்ராஜ் பாபட் நிதிக் கணக்கியல் எடுக்கிறார். உதாரணங்கள் இந்தியக் கம்பெனிகள், இந்தியப் படிவங்கள். 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் தளம் வழியாகச் சேரலாம். படிக்கக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி, நேரில் தேர்வு மையத்துக்குப் போய்க் கணினியில் எழுத வேண்டும். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 என்ற கீழ்வரம்பை இரண்டிலும் எட்டியாக வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கணக்கில் சேர்க்கலாம் என்று யு.ஜி.சி. 2021-ல் விதித்தது, உங்கள் கல்லூரி அதை நடைமுறைப்படுத்துகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கோர்செராவில் இலவசமாகப் பார்க்கும் வாசல் குறுகிக்கொண்டே வருகிறது. நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் பக்கம் அங்கேயே உண்டு.

இரண்டிலுமே ஆங்கிலம் இடறினால் தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் எல்லாம் அங்கே நல்ல தமிழில் இருக்கின்றன. ‘டிரயல் பேலன்ஸ்’ என்று கேட்டதும் வரும் பயம் ‘இருப்பாய்வு’ என்றதும் பாதி போய்விடும்.

‘டேலி தெரிந்தால் போதாதா?’ என்பது வேலை தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது. பெங்களூருக் கம்பெனியின் அந்த மென்பொருள் தெரியாமல் கணக்கர் வேலைக்குப் போவது கஷ்டம், உண்மைதான். ஆனால் டேலி இரண்டு பக்கமும் தொகை சமமா என்று மட்டும் பார்க்கும். கிடங்குக்கு வாங்கிய தராசைச் செலவு என்று எழுதினாலும் சொத்து என்று எழுதினாலும் அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். எது சரி என்று தெரிந்திருக்க வேண்டியது விசைப்பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்.

பாதியில் விடுவோரைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய ஆன்லைன் பாடங்களை ஆராய்ந்து 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரைப்படி, 2017–18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முடித்திருந்தார்கள். ஆகவே தேர்வுக் கட்டணத்தைக் கொஞ்சம் சீக்கிரமே கட்டிவிடுவது ஒரு உபாயம். கட்டிய காசு இழுத்துக்கொண்டு போகும்.

எந்தப் பருவத்தில் சேர்வது என்பதும் ஒரு விஷயம். என்பிடெல் பாடங்கள் ஜனவரியில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை தொடங்குகின்றன. இடுக்கியிலும் வயநாட்டிலும் மிளகு பறிப்பது டிசம்பரிலிருந்து மார்ச் வரை. பறித்துக் காய வைத்த சரக்கு லாரி லாரியாக இறங்கும்போது பஜார் ரோட்டில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. அதன் வாலிலேயே மார்ச் 31 வந்து நிற்கும். மண்டியில் வேலை பார்த்துக்கொண்டு படிக்க நினைப்பவர் ஜூலைப் பருவத்தில் சேரட்டும். வெளியே மழை கொட்டும், சரக்கு வரத்து குறைந்திருக்கும், போன வருஷத்து இருப்புநிலைக் குறிப்பு ஆடிட்டரிடமிருந்து வரத் தொடங்கியிருக்கும். முதலாளி சம்மதித்தால், வீடியோவுக்குப் பக்கத்தில் அதையே விரித்து வைத்துக்கொள்ளலாம்.