கவிக் காட்டு நிறம்பல்லி

மரக்காலைக்குப் பலகை எடுக்கப் போனால் நான் முதலில் பார்ப்பது அறுத்த முனையைத்தான். சீவுளி போட்டுவிட்டால் எந்தப் பலகையின் முகமும் அழகாகத்தான் இருக்கும். முனையில் ஏமாற்ற முடியாது. தேக்கின் முனையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், பொடிப்பொடித் துளைகள் வளையம் வளையமாகத் தெரியும். வேம்பிலும் முதிரையிலும் இன்னும் நுணுக்கமாக இருக்கும். வேரிலிருந்து தண்ணீர் ஏற்றும் குழாய்களின் வாய் அவை.

கப்பலில் வந்த சாமான் பெட்டிகளை உடைத்து விற்கிற பைனஸ் பலகையில் அப்படிக் குழாய் கிடையாது. மெல்லிய நீளக் கலங்கள் நெருக்கமாக நின்று, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீரைக் கடத்துகின்றன. ஊசியிலை மரங்கள் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும் கூட்டம் முழுவதும் இப்படித்தான். பூக்காத மரங்கள் இவை. உலகத்தில் 600க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. (எங்கட கடற்கரையில் நிற்கும் சவுக்கை இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம். தோற்றம் அப்படி, ஆனால் அது பூக்கிற மரம்.)

இவற்றைக் குளிர்நாட்டுச் சாமானாகவே நாம் பேசுகிறோம். பனியும் கிறிஸ்மஸும்தான் நினைவுக்கு வரும். அட்டை கடிக்கிற மழைக்காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்கிற ஒன்றைக் கேரளத்தில் கவி என்ற இடத்தில் பார்த்தேன்.

பத்தனம்திட்டா மாவட்டத்தில், பெரியார் புலிகள் காப்பகப் பக்கம் இருக்கிறது கவி. வண்டிப்பெரியாரிலிருந்து காட்டுப்பாதை. அங்கே எங்களுக்கு வழிகாட்ட வந்த பெண்பிள்ளை நான் பேசிய தமிழைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

"அண்ணன் சிலோனா?"

"ஓம் தங்கச்சி, அம்பாறைப் பக்கம். இறக்காமம்."

"எங்க அம்மா பதுளையில பொறந்தவங்க."

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவாயிற்று. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு தொகையினரைத்தான் கேரள வன அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் இங்கே ஏலத்தோட்ட வேலைக்குக் குடியமர்த்தியது. தேயிலையிலிருந்து ஏலத்துக்கு. அவர்களுடைய பிள்ளைகள் சிலர் இப்போது காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள்.

அந்தப் பிள்ளை காட்டிய மரம் நிறம்பல்லி. தாவரவியலில் நகேயா வாலிச்சியானா, முந்திய பெயர் பொடோகார்ப்பஸ். கல்கத்தா தாவரவியல் பூங்காவை நடத்திய டென்மார்க்காரர் நத்தானியேல் வாலிச்சின் பெயரால் வந்தது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் இது ஒன்றே ஒன்றுதான். கவியைப் போலவே தமிழ்நாட்டில் களக்காடு - முண்டந்துறை, அகத்தியமலைப் பக்கத்து ஈரக்காடுகளிலும் நிற்கிறது. இங்கிருந்து அசாம், பர்மா, மலாயா என்று போய் நியூகினி வரைக்கும் இதன் இருப்பு நீள்கிறது. நன்றாக வளர்ந்தால் 50 மீற்றர் உயரம் வரை போகும்.

ஊசி எங்கே என்று தேடினால் கிடைக்காது. கீழே விழுந்திருந்த ஓர் இலையைக் கையில் எடுத்தேன். ஒரு சாண் நீளம் இருக்கும், தடிப்பான தோல் மாதிரி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடு நரம்பே இல்லை. காம்பிலிருந்து நுனிவரை ஏராளமான மெல்லிய நரம்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அடர்ந்த காட்டுக்குள் விழும் கொஞ்ச வெயிலைப் பிடிக்க ஊசியைவிட அகன்ற இலைதானே வசதி? மாவும் பலாவுமாகப் பூக்கும் மரங்கள் முட்டி மோதும் இடத்தில் இது தாக்குப்பிடிப்பதற்கு அது ஒரு காரணம். காய்போல உருண்டு தொங்குவது சதை போர்த்திய விதை. பறவையும் வௌவாலும் அதைத் தின்று தூர எடுத்துப் போகும்.

ஒடிந்து கிடந்த கொப்பின் முனையைத் துடைத்துப் பார்த்தேன். துளை இல்லை. பைனஸில் பிசின் ஓடும் கால்வாய்களாவது இருக்கும், இதில் அதுவும் இல்லை. பைனஸைச் சீவும்போது பிசின் சீவுளி வாயில் அப்பிக்கொள்வதும், மெது வரி, கடின வரி என்று மாறி மாறி உளி துள்ளுவதும் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடுங்குளிரும் கோடையும் மாறி வராத காட்டில் வளர்வதால் நிறம்பல்லியில் அந்த வரியும் தெளிவாக விழுவதில்லை. ஒரே சீரான நுண்ணிய மரம். தளபாடம், ஒட்டுப்பலகை, தேயிலைப் பெட்டி, பென்சில் என்று முன்பு இதை வெட்டியதில் ஆச்சரியமில்லை. கொப்பைக் கொண்டுவர ஆசைதான். புலிக் காப்பகத்தில் ஒரு சிராய்கூட எடுக்கக் கூடாது என்று பிள்ளை சிரித்தபடி சொல்லிவிட்டார்.

இலங்கைக்கு என்று சொந்தமாக ஓர் ஊசியிலை மரம்கூட இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் 120 மீற்றரளவு கீழே கிடந்தபோது இரண்டு நாடும் ஒரே தரைதான். ஆனால் நடுவில் இருந்தது இராமநாதபுரமும் மன்னாரும் போன்ற வறண்ட நிலம். ஈரக்காட்டை விட்டு வெளியே வராத மரம் அதை எப்படித் தாண்டும்?

இல்லாததை நாம் இறக்கினோம். 1970, 80களில் கரீபியன் பைனை மலைநாட்டுப் பற்றைகளிலும் கைவிட்ட தேயிலைக் காணிகளிலும் பரவலாக நட்டார்கள். ஊற்று வற்றுகிறது, அடியில் புல்லும் முளைக்கவில்லை, தீப்பிடிக்கிறது என்று சனம் இன்றைக்கும் திட்டுகிறது. வறண்ட சரிவுகளில் அது நியாயமான கோபம். சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்தில் கதை வேறு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியும் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனும் 1990களில் அங்கே பைனஸ் வரிசைகளை இடையிடையே வெட்டி, அந்த வெளியில் மழைக்காட்டுக் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக எழும்பின. பைனஸ் அங்கே நிழல் கொடுக்கும் தாதியாக இருந்திருக்கிறது.

நிறம்பல்லியில் அலுமாரி செய்யலாமா என்று மகன் கேட்டான். மலேசியாவில் இந்தக் குடும்பத்து மரங்களைப் 'பொடோ' என்ற வியாபாரப் பெயரில் விற்கிறார்கள், கிடைத்தால் அலுமாரிக்குத் தாராளமாகப் போடலாம். ஈரத்திலும் மண்ணிலும் நின்றுபிடிக்கிற மரமல்ல, கறையானுக்கும் பிடிக்கும். குளத்துக்கும் வயலுக்கும் நடுவில் கட்டுகிற எங்கட வீட்டுக் கதவு நிலைக்கு முதிரைதான் போடுவேன்.