மயிலை, செவலை, மறை – 9: முதுகில் விழுந்த வெள்ளை

காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறாவது மாத வாக்கில் சாம்பலுக்கு மாறுவதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் பர்கூர் மலைமாட்டின் செம்மறை என்று சொல்லியிருந்தேன். அதற்குமுன் பெல்ஜியத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம்.

மாட்டில் வெள்ளை இரண்டு விதம். மயிலை மாட்டின் வெள்ளை முடியை விரலால் விலக்கிப் பாருங்கள், தோல் கறுப்பாக இருக்கும். மூக்கு, இமை, குளம்பு எல்லாம் கறுப்பு. நிறமிச் செல்கள் தோலில் இருக்கின்றன, முடிக்குத்தான் நிறம் ஏறவில்லை. ஹோல்ஸ்டீன் பசுவின் வெள்ளைத் திட்டை விலக்கினால் தோலே ரோஸ் நிறம். அங்கே நிறமிச் செல் போய்ச் சேரவே இல்லை. மறை, அதாவது வெள்ளைத் திட்டு, விழுவது இந்த இரண்டாவது விதத்தில்.

கருவில் நிறமிச் செல்கள் முதுகுத்தண்டை ஒட்டித் தோன்றி, விலா வழியாக இறங்கி உடம்பெல்லாம் பரவுகின்றன. அவை பிழைக்கவும் நகரவும் கிட் என்ற மரபணு வேண்டும். செல்கள் குறைந்தாலோ பிந்தினாலோ, கடைக்கோடியில் இருக்கும் நெற்றி, அடிவயிறு, கால், வால்நுனி ஆகியவை வெள்ளையாக நின்றுவிடும். நம் உம்பளச்சேரி மாட்டுக்கு நெற்றிச்சுட்டியும் வெள்ளைக் காலும் இருப்பது இதே இடங்களில்தான்.  குளோனிங்கில் பிறந்த ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் திட்டுகள் அச்சாக ஒன்றுபோல அமைவதில்லை. மரபணு ஒன்றாக இருந்தாலும் செல்கள் நடந்த வழி ஒவ்வொரு கருவிலும் வேறு.

அப்படியானால் முதுகு கடைசியாகத்தானே வெளுக்க வேண்டும்? பெல்ஜியன் புளூ மாடுகள் சிலவற்றில் நேர்மாறு. விலாவில் நிறம் இருக்கும்; செல்கள் புறப்பட்ட முதுகிலேயே நெடுக வெள்ளை ஓடும். இதற்கான விடை 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் போகவில்லை.

மாட்டுக்கு 30 ஜோடி குரோமோசோம். கிட் இருப்பது 6-ஆவதில். அந்தத் துண்டு நகலாகி, இரு முனையும் சேர்ந்து வட்டமாகி, 29-ஆவது குரோமோசோமுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது! வட்டமாக இருந்தது எப்படித் தெரிந்தது? துண்டுக்குள் இருக்கும் வரிசை முன்பின்னாகக் கிடந்தது. வளையலை, ஒட்டவைத்த இடத்தை விட்டு வேறோர் இடத்தில் உடைத்து நீட்டினால்தான் அப்படி வரும். இடம்மாறிய இந்தக் கிட்தான் நிறமிச் செல்களின் பரவலைக் குலைக்கிறது. ஒரு நகல் இருந்தால் முதுகு வெள்ளை. தாய், தந்தை இருவழியிலும் வந்தால் மாடு முழுக்க வெளுத்து, காதிலும் மூக்கிலும் மட்டும் நிறம் தங்கும். ஸ்காட்லாந்தின் வெள்ளை கேலோவே மாடுகளிலும் 29-இல் இதே நகல் இருக்கிறது.

இத்தோடு முடியவில்லை. பிரவுன் சுவிஸ் மாடுகளிலும் இந்த வெள்ளை முதுகு உண்டு. அவற்றில் அந்தத் துண்டு 29-இலிருந்து மறுபடி வட்டமாகிக் கிளம்பி, அங்கிருந்து ஒரு துணுக்கையும் எடுத்துக்கொண்டு, புறப்பட்ட 6-க்கே திரும்பியிருக்கிறது. மரபணு இப்படி ஊர் போய்த் திரும்பும் என்பதை ஒரு மாட்டின் முதுகு காட்டிக்கொடுத்திருக்கிறது. மேய்ச்சல்காரர்கள் நிறத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துப் பெயர் வைத்து வந்தது வெறும் அழகுக்கு என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

செம்மறையை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அதற்குள், வீட்டில் மறை மாடு வைத்திருப்பவர்கள் சிவப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பில் முடியை விலக்கி, தோல் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.