கருப்பைவாய்ப் புற்றில் நோயின் போக்கை எதிர்ப்பணுக்கள் உணர்த்துவது எப்படி?

ஒரே நிலையில் நோய் கண்டறியப்பட்டு, ஒரே சிகிச்சையைப் பெற்ற இரு பெண்மணிகளுள் ஒருவர் பூரண குணமடைய, மற்றவருக்கு நோய் மீண்டும் தலைகாட்டுவது ஏன் என்னும் வினாவுக்கு விடை, கட்டியின் பருமனில் மட்டுமன்றி, அதனை எதிர்த்து நிற்கும் தேகத்தின் சக்தியிலும் அடங்கியிருக்கிறது.

இப்புற்றின் மூலகாரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ். அதன் 16ஆம் வகையை 1983இல் இப்புற்றுக் கட்டிகளில் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹௌசன், 2008இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலான தொற்றுகளை உடலே இரண்டாண்டுகளுக்குள் நீக்கிவிடுகிறது; நீங்காது நிலைத்துவிட்ட வைரஸோ, இ6, இ7 என்னும் தன் புரதங்களால், உயிரணுக்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதங்களைச் செயலிழக்கச் செய்கிறது. ஆயினும், அந்த அந்நியப் புரதங்களையே அடையாளமாகக் கொண்டு, சிடி8 என்னும் வகை டி அணுக்களாகிய எதிர்ப்பணுக்கள் கட்டிக்குள் புகுந்து புற்றணுக்களை அழிக்கின்றன.

ஆகவே, நுண்ணோக்கியில் இவ்வணுக்கள் திரளாகக் காணப்படின் நோயின் போக்கு பொதுவாகச் சாதகமாகவும், இரத்தத்தில், டி அணுக்களை உள்ளடக்கிய லிம்போசைட்டுகளை நோக்க, மற்றொரு வகை வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் விகிதம் மிகுந்திருப்பின் பாதகமாகவும் அமைவதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. பிடி-எல்1 என்னும் புரதத்தை ஏந்தி, டி அணுக்களின் செயலைத் தடுக்கும் புற்றணுக்களும் உண்டு. அத்தடையை அகற்றும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தை, கட்டியில் அப்புரதம் காணப்படும், நோய் முற்றியவர்களுக்கு வழங்க அமெரிக்கா 2018இல் அனுமதித்தது.

இக்குறிகள் சாத்தியத்தை அறிவிப்பனவேயன்றி, விதியை நிர்ணயிப்பன அல்ல. ஆகவே, நோய் வருமுன் காக்க, பெண் குழந்தைகளுக்கு உரிய வயதில் இவ்வைரஸுக்கு எதிரான தடுப்பூசி இடுவதும், தாய்மார்கள் தயக்கமின்றிப் பரிசோதனைக்கு முன்வருவதுமே நம் முதற்கடமை.